பரணில் கிடந்த டூ-இன்-ஒன்

கோடை விடுமுறையில் ஒருநாள் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். பித்தளைப் பாத்திரங்கள், உடைந்த தொட்டில் கட்டைகள் இவற்றுக்குப் பின்னாலிருந்து ஒரு கனமான பெட்டி இறங்கியது. ஒன்றரை அடி நீளம். இரு பக்கமும் இரண்டு ஒலிபெருக்கிகள், நடுவில் கேசட் போடும் கதவு, மேலே வானொலியின் எண் பலகை, தூக்கிச் செல்ல ஒரு கைப்பிடி. ஏரியல் பாதியில் ஒடிந்து நின்றது.

பத்தாம் வகுப்பில் படிக்கும் என் தங்கை மகள் தூசியைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, இது ரேடியோவா, டேப்பா?" என்று கேட்டாள்.

"இரண்டும்தான். அதனால்தான் டூ-இன்-ஒன் என்று பெயர்" என்றேன்.

பெட்டியோடு ஒரு துணிப்பையும் வந்தது. அதில் சில பழைய சினிமாப் பாட்டுக் கேசட்டுகள். அவற்றுள் ஒன்றின் மேல் மட்டும் என் பள்ளிக் காலக் கையெழுத்தில் "அம்மா, துபாய்க்கு, 1986" என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

என் அண்ணன் 1981-இல் துபாய்க்கு வேலைக்குப் போனார். 1984-இல் விடுமுறைக்கு வந்தபோது இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். எங்கள் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. ஆகவே அவர் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசுவார். துபாய்க்குப் போகிறவர் யாரிடமாவது அதைக் கொடுத்தனுப்புவோம். அண்ணன் கேட்டுவிட்டு, அதே நாடாவின் மேலேயே தன் பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவார். நாடாவில் புதியது பதியும்போது பழையது அழிந்துவிடும். இவ்வாறு ஒவ்வொரு முறையும் அம்மாவின் குரலை நாங்களே அழித்துக்கொண்டிருந்தோம். அன்று அது யாருக்கும் தோன்றவில்லை.

இந்த ஒரு கேசட் மட்டும் தப்பியது. காரணம், இதை அனுப்புவதற்குள் அண்ணனே ஊருக்கு வந்துவிட்டார். அம்மா 1993-இல் காலமானார். அவருடைய குரல் இந்த ஒரு நாடாவைத் தவிர வேறெங்கும் இல்லை.

"போட்டுக் கேட்போமா?" என்று கதவைத் திறக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் மாமா. முதலில் ஒரு பாட்டுக் கேசட்டைப் போட்டுப் பார்ப்போம். கெட்டால் அது கெடட்டும்."

பழைய கருவிகளைச் சீர்செய்ய விரும்பும் எவரும் முதலில் கற்க வேண்டிய பாடத்தை அவள் யாரும் சொல்லாமலே கற்றிருந்தாள்.

ஒரு மரக்கட்டையிலிருந்து தொடங்கிய கதை

கேசட் வருவதற்கு முன் ஒலிநாடா பெரிய வட்டுகளில் சுற்றப்பட்டிருந்தது. அதைக் கருவியில் பொருத்துவதே ஒரு வேலை. ஹாலந்து நாட்டுப் பிலிப்ஸ் கம்பெனியில் லூ ஓட்டன்ஸ் என்ற பொறியியலாளரின் குழு இதை எளிதாக்க முனைந்தது. ஓட்டன்ஸ் ஒரு சிறு மரக்கட்டையைச் செதுக்கித் தம் கோட்டுப் பைக்குள் வைத்துப் பார்த்தாராம். கருவி இந்தப் பைக்குள் அடங்க வேண்டும் என்பதுதான் அவர் வகுத்துக்கொண்ட அளவு. 1963 ஆகஸ்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் கேசட் வெளிவந்தது. 1966-இல் வானொலியும் கேசட் கருவியும் ஒரே பெட்டிக்குள் வந்தன. 1970-களில் ஜப்பானியக் கம்பெனிகள் இந்தப் பெட்டிகளைப் பெரிய ஒலிபெருக்கிகளோடு செய்து உலகெங்கும் அனுப்பின. நியூயார்க் நகரில் இளைஞர்கள் தோளில் சுமந்துபோய்த் தெருவோரத்தில் வைத்து ஆடிய பெட்டிகள் இவையே. அங்கே பூம்பாக்ஸ் என்றார்கள். நம் ஊரிலோ டூ-இன்-ஒன்.

இதில் ஒரு முக்கியமான செய்தி உண்டு. மற்றக் கம்பெனிகளும் கேசட் செய்துகொள்ளலாம், ஆனால் அளவுகளை மாற்றக் கூடாது என்று பிலிப்ஸ் விட்டுக்கொடுத்தது. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். அது ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். உலகம் முழுவதும் இதே அளவு. எங்கள் ஊர்க் கேசட் துபாயில் பாடியதற்குக் காரணம் இதுதான். இந்த 4.76 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

கேசட் நாடா மெல்லிய பிளாஸ்டிக். அதன் ஒரு பக்கத்தில் இரும்பு ஆக்ஸைடுப் பொடி பூசப்பட்டிருக்கும். நீங்கள் பேசும்போது மைக் உங்கள் குரலை மின்னோட்டமாக மாற்றுகிறது. குரல் அதிர்வதுபோலவே மின்னோட்டமும் ஏறி இறங்குகிறது. அது ஒரு குட்டி மின்காந்தத்துக்குள் செல்கிறது. இதைத் தலை என்பார்கள். ரிப்பேர் கடையில் ஹெட் என்று சொன்னால்தான் புரியும். தலையின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணிய இடைவெளி உண்டு. அதை உரசிக்கொண்டு நாடா செல்லும்போது, அங்குள்ள பொடி கூடவும் குறையவும் காந்தமாகிறது. அதாவது, குரல் காந்தக் கோலமாக எழுதப்படுகிறது.

திரும்பக் கேட்கும்போது எல்லாம் தலைகீழாக நடக்கிறது. காந்தக் கோலம் தலையைக் கடக்கும்போது தலையிலுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல், உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ள அதே விதி, இங்கே பாட்டுப் பாடுகிறது. பதிவு செய்யும்போது மட்டும் வேலை செய்யும் இன்னொரு தலையும் உண்டு. அது அழிக்கும் தலை. பழைய கோலத்தை முதலில் கலைத்துவிடும். எங்கள் அம்மாவின் மற்றப் பேச்சுகளெல்லாம் அந்தத் தலைக்குத்தான் இரையாயின.

நாடாவை இழுப்பது எது? சுற்றும் வட்டுகள்தாம் இழுக்கின்றன என்று பலரும் எண்ணுகிறார்கள். அது சரியன்று. கேப்ஸ்டன் என்ற மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று சீராகச் சுழல்கிறது. ஒரு ரப்பர் உருளை நாடாவை அதன்மேல் அழுத்துகிறது. கரும்பு பிழியும் எந்திரம் கரும்பை உள்ளே இழுப்பதுபோல இவை இரண்டும் சேர்ந்து நாடாவை இழுக்கின்றன. வட்டின் வேலை, வெளியே வரும் நாடாவைச் சுற்றிக்கொள்வது மட்டுமே. கேப்ஸ்டனின் அடியில் கனமான ஒரு சக்கரம் இருக்கும். மோட்டாரின் சிறு தடுமாற்றங்களை அதன் நிலைமம் விழுங்கிவிடும். மோட்டாருக்கும் இந்தச் சக்கரத்துக்கும் இடையில் ஒரு ரப்பர் பெல்ட். பல கருவிகளில் வட்டுக்கு இன்னொரு பெல்ட்.

நோய் எங்கே?

முதலில் பாட்டரி அறையைத் திறந்தோம். யாரோ எடுக்க மறந்த பழைய பாட்டரிக் கட்டைகள் ஆறும் பொங்கி வழிந்திருந்தன. இந்த வகைக் கட்டையில் வெளி உறையே துத்தநாகம், அதுவே எதிர்மின்வாய். மின்சாரம் தரத்தர அது அரிக்கப்பட்டு ஓட்டையாகி, உள்ளிருக்கும் ஈரப்பசை கசிகிறது. ஸ்பிரிங்குகளில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் படிந்திருந்தது.

"துடைத்துவிடவா?" என்றேன்.

"எது என்று தெரியாமல் எப்படித் துடைப்பது?" என்று சொல்லி, பள்ளி ஆய்வுக்கூடத்தில் வாங்கிய லிட்மஸ் தாளை நனைத்து வைத்தாள். நீலத்தாள் சிவந்தது. ஆகவே அமிலம். சமையல் சோடாவை நீரில் கரைத்துப் பஞ்சால் ஒற்றினோம், நுரைத்து அடங்கியது. பிறகு ஈரப்பஞ்சால் துடைத்து, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்தோம். இக்காலத்து ஆல்கலைன் கட்டைகள் கசிந்தால் அது காரம். சிவப்பு லிட்மஸ் நீலமாகும். அப்போது சோடா உதவாது, எலுமிச்சைச் சாறோ வினிகரோ வேண்டும். எதுவானாலும் கையுறை அணிந்துகொள்ளுங்கள்.

புதிய கட்டைகள் ஆறு போட்டு 9 வோல்ட் கொடுத்தோம். வானொலி கரகரத்தது; பிறகு பேசிற்று! ஒலி அளவுக் குமிழைத் திருகும்போது மட்டும் கறமுற என்றது. குமிழுக்குள் கரிப்பூச்சின் மேல் ஓர் உலோக விரல் நகர்கிறது. இடையில் சேர்ந்த தூசியும் துருவும்தான் அந்தச் சத்தம். தொடுமுனைகளைத் துடைப்பதற்கென்று விற்கும் தெளிப்பானை ஒரு சொட்டு விட்டு, இருபது தடவை இப்படியும் அப்படியும் திருகியதும் அடங்கியது.

வானொலி பேசியதிலிருந்து நமக்குத் தெரிவது என்ன? பாட்டரித் தொடர்பு சரி. ஒலியைப் பெருக்கும் பகுதி சரி. ஒலிபெருக்கிகளும் சரி. வானொலிக்கும் கேசட்டுக்கும் இவை பொது. ஆகவே, இனிக் கோளாறு ஏதும் இருந்தால் அது கேசட் பகுதியில் மட்டுமே இருக்க முடியும். ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல் பாதிக் கருவியைச் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிட்டோம்.

அடுத்துப் பாட்டுக் கேசட்டைப் போட்டோம். பாடகர் குளிரில் நடுங்குபவர்போலப் பாடினார். பத்து நொடி கழிந்தது. கிறீச் என்று ஒரு சத்தம், பாட்டு நின்றது. கதவைத் திறந்தால், நாடா ரப்பர் உருளையைச் சுற்றி இடியாப்பமாகக் கிடந்தது.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த இடத்தில் அம்மாவின் கேசட் இருந்திருந்தால்?

தாராக மாறிய பெல்ட்

மேலே படித்ததை வைத்து நீங்களே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். நாடா வெளியே வந்திருக்கிறது. ஆகவே கேப்ஸ்டன் சுழன்றிருக்கிறது. வந்த நாடா சுற்றப்படவில்லை. ஆகவே வட்டு சுழலவில்லை. பாட்டு நடுங்கியது, ஆகவே கேப்ஸ்டனும் சீராகச் சுழலவில்லை.

பாட்டரியைக் கழற்றிவிட்டுப் பின்மூடியைத் திறந்தோம். எதிர்பார்த்தபடியே இருந்தது. பெரிய பெல்ட் தளர்ந்து தொங்கியது. வட்டுக்குப் போகும் சிறிய பெல்ட்டைக் காணோம்! அது இருந்த இடத்தில், உருகிய தார் போல ஒரு கறுப்புப் பசை.

ரப்பர் எப்படித் தாராகும்? ரப்பர் போன்ற பொருள்கள் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனவை. சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால்தான் இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்கு வருகின்றன. சில பெல்ட்டுகள் பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளால் செய்யப்பட்டவை. வெப்பமும் காற்றிலுள்ள ஈரமும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் இந்தச் சங்கிலிகளை வெட்டுகின்றன. நீண்ட சங்கிலிகள் துண்டுகளானதும் திடப்பொருள் பசையாகிவிடுகிறது. பரண் என்பது வெயிலில் கொதிக்கும் இடம். மழைக்காலத்தில் ஈரம் ஏறும் இடம். பெல்ட்டைக் கெடுக்க அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

அந்தப் பசையை எடுக்க ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சிகள் ஐம்பதுக்கு மேல் கறுத்தன. புல்லியில் சிறிது பசை மிஞ்சினாலும் புதிய பெல்ட் வழுக்கும் அல்லது தடுக்கும்.

புதிய பெல்ட்டின் அளவை எப்படி அறிவது? ஒரு நூலைப் புல்லிகளைச் சுற்றி இறுக்கமாக வைத்து, அதன் நீளத்தை அளந்தோம். 24 சென்டிமீட்டர் வந்தது. பெல்ட் சற்று இழுபட்டு நிற்க வேண்டும் அல்லவா? ஆகவே 5 சதவீதம் குறைத்து, ஏறத்தாழ 22.8 சென்டிமீட்டர் சுற்றளவுள்ளதைத் தேர்ந்தோம். சிறிய பெல்ட்டுக்கும் இதே முறைதான். எலக்ட்ரானிக் உதிரிபாகக் கடைகளில் பல அளவுகள் கலந்த பொட்டலமாகக் கிடைக்கும். பணக்கட்டுக்குப் போடும் ரப்பர் வளையத்தை மாட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். அதன் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். பாட்டும் அதற்கேற்ப ஆடும்.

திறந்தது திறந்தோம் என்று தலையையும் துடைத்தோம். பழுப்பு நிறத்தில் ஆக்ஸைடுப் பொடி அப்பியிருந்தது. இதற்கு ஒரு சிறு கணக்கு. 10,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று நாடாவில் எவ்வளவு இடம் பிடிக்கும்? ஒரு நொடியில் ஓடும் 47.6 மில்லிமீட்டர் நீளத்தில் 10,000 அலைகள். ஆகவே ஓர் அலைக்கு 0.00476 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! அப்படியானால், மெல்லிய அழுக்குப் படலம் தலையையும் நாடாவையும் சற்றே பிரித்தால் போதும். கீச்சொலிகள் மறைந்து, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். ரப்பர் உருளையைச் சோப்பு நீரால் துடைத்து, நன்றாக உலரவிட்டோம்.

வேகத்தை அளக்க ஒரு காந்தம்

இப்போது பாட்டு நடுங்காமல் வந்தது. ஆனால் வேகம் சரிதானா? பாடகர் கொஞ்சம் அவசரப்படுவதாக எனக்குத் தோன்றியது. தோன்றுவது அளவு ஆகாது.

என் மருமகள் யோசித்து ஒரு வழி சொன்னாள். நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். அப்படியானால் 4.76 மீட்டர் ஓட 100 நொடி ஆக வேண்டும். ஒரு வீண் கேசட்டின் நாடாவை வெளியே இழுத்து, சுத்தமான வேட்டியின் மேல் நீட்டி, 4.76 மீட்டரை அளந்தோம். இரு முனைகளிலும் ஒரு சிறு காந்தத்தின் நுனியால் தொட்டோம். தொட்ட இடத்தில் பதிவு கெட்டுவிடும். அங்கே பாட்டு "டப்" என்று ஒரு கணம் விடுபடும். பிறகு பென்சிலை வட்டின் பல்லில் செருகி, நாடாவை மீண்டும் சுற்றினோம். அம்மாவின் கேசட் அப்போது அடுத்த அறையில், மூடிய அலமாரிக்குள் இருந்தது. காந்தம் இருக்கும் மேசைக்கு அது வரவே கூடாது என்று உத்தரவு.

முதல் டப்புக்கும் இரண்டாவது டப்புக்கும் இடையில் 94 நொடி. மூன்று முறை அளந்தோம்: 94, 94, 95. ஆக, கருவி 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது. பெல்ட்டின் தடிமன் மாறியதுகூட இதற்குக் காரணமாக இருக்கலாம். மோட்டாரின் முதுகில் ஒரு சிறு துளை உண்டு. அதனுள் வேகத்தை மாற்றும் திருகு. சின்னத் திருப்புளியால் மயிரிழை திருகுவதும், அளப்பதும், மறுபடி திருகுவதுமாக ஏழாவது முறை 100 நொடிக்கு வந்தோம்.

அன்றிரவு கருவியை இரண்டு மணி நேரம் வீண் கேசட்டோடு ஓடவிட்டோம். ஒரு முறைகூட நாடாவைத் தின்னவில்லை.

இது அம்மா இல்லையே!

மறுநாள் என் தங்கையையும் வரச்சொன்னோம். அம்மாவின் கேசட்டின் விளிம்பிலுள்ள இரு பிளாஸ்டிக் தகடுகளை முதலில் ஒடித்தோம். அவை இல்லாவிட்டால் பதிவுப் பொத்தான் அமுங்காது. கைதவறி அழித்துவிடும் ஆபத்து ஒழிந்தது. நாற்பது ஆண்டுக்கு அருகில் அசையாமல் கிடந்த நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம் என்பதால், பென்சிலால் மெதுவாக முன்னும் பின்னும் சுற்றினோம். ஹெட்போன் துளையிலிருந்து கம்பி வழியாகக் கணினிக்கு இணைப்புக் கொடுத்தோம். முதல் தடவையே நகல் எடுத்துவிட வேண்டும். இரண்டாம் தடவை கிடைக்கும் என்று நம்பக் கூடாது.

பொத்தானை அழுத்தினேன். பதினோரு நிமிடம் ஓடியது. நாடா முறுக்கவில்லை, அறுபடவில்லை. குரலும் தெளிவாகவே இருந்தது. ஆனால் தங்கையின் முகத்தில் மலர்ச்சி இல்லை.

"அம்மா சொல்கிற சொல்தான். ஆனால் இது அம்மா குரல் இல்லை, அண்ணா. யாரோ சின்னப் பெண் பேசுவதுபோல் இருக்கிறது. அம்மா இவ்வளவு அவசரமாகப் பேசவே மாட்டாள்."

உண்மைதான். குரல் மெலிந்து, பேச்சு துரத்திக்கொண்டு ஓடியது. உடனே காந்தக் கேசட்டைப் போட்டு அளந்தோம். சரியாக 100 நொடி. கருவி இப்போது பிழை செய்யவில்லை.

"அப்படியென்றால் பிழை 1986-இல் நடந்திருக்க வேண்டும்" என்றாள் மருமகள். "பதியும்போது நாடா மெதுவாக ஓடியிருந்தால், இப்போது சரியான வேகத்தில் ஓட்டும்போது வேகமாகத்தானே கேட்கும்?"

எனக்குப் பழைய நினைவு வந்தது. அன்று எங்கள் வீட்டில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான், முன்கட்டில். அம்மாவோ அடுக்களை வாசலில் உட்கார்ந்துதான் பேசுவார். ஆகவே பாட்டரியில் ஓட்டுவோம். தீர்ந்த பாட்டரிக் கட்டைகளை வெயிலில் காயவைத்து மறுபடி போடுவது அந்நாளைய வழக்கம். சற்று நேரம் உயிர் வரும். ஆனால் மோட்டாருக்கு வேண்டிய வலு இராது. நாடா தளர்ந்த நடையில்தான் ஓடியிருக்கும்.

எவ்வளவு தளர்ந்த நடை? அதை எப்படி அளப்பது? அன்றைய நாளுக்குத் திரும்பிப் போக முடியாதே!

டியூப்லைட் சொன்ன சாட்சி

மருமகள் நகலைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அம்மா மூச்சு விட நிறுத்தும் இடங்களில் மெல்லிய ஒரு ரீங்காரம் எழுவதை அவள்தான் கவனித்தாள். இக்கருவிகளில், பேச்சு நின்றால் பதிவின் உணர்வை உயர்த்தும் தானியங்கி அமைப்பு உண்டு. அதனால் அறையின் சிற்றொலிகளும் இடைவெளிகளில் மேலெழும்.

செல்பேசியில் ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து நகலை ஒலிக்கவிட்டாள். ரீங்காரம் தொடக்கத்தில் 110, முடிவில் 113, நடுவில் பெரும்பகுதி 112 ஹெர்ட்ஸ். நம் கருவியின் சொந்த இரைச்சலாக இருக்குமோ? ஒலி பதியாத வெற்று நாடாவை ஓட்டிப் பார்த்தோம். 112-இல் எதுவும் இல்லை. ஆகவே அது அம்மாவின் நாடாவில்தான் இருக்கிறது.

அடுக்களை வாசலுக்கு மேலே ஒரு டியூப்லைட் இருந்தது. அதன் சோக் எப்போதும் உறுமிக்கொண்டே இருக்கும். நம் நாட்டு மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் இருமுறை உச்சத்தை அடைகிறது, திசை மட்டும் வேறு. சோக்கின் இரும்புத் தகடுகள் திசையைப் பார்ப்பதில்லை. இரண்டு உச்சத்திலும் இழுபடுகின்றன. ஆகவே அவை நொடிக்கு 100 தடவை அதிரும். அந்த அறையில் 100 ஹெர்ட்ஸாக ஒலித்தது இன்று 112 ஆகக் கேட்கிறது. அன்று நாடா ஓடிய வேகம் 4.76-ஐ 112-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வரும்: நொடிக்கு 4.25 சென்டிமீட்டர்.

அதே வேகத்தில் ஓட்டினால் அம்மாவின் உண்மைக் குரல் வந்துவிடும். காந்தக் கேசட்டில் இரு டப்புகளுக்கு இடையே இப்போது 112 நொடி ஆக வேண்டும், அவ்வளவுதான். மோட்டார்த் திருகை மீண்டும் மெல்லத் திருகினோம். 105... 109... 112.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்நாளில் மின்சாரப் பற்றாக்குறையால் 50 என்பது சற்றுக் குறைந்து போவதும் உண்டு. ஆகவே எங்கள் விடையில் ஒன்றிரண்டு சதவீதம் பிழை இருக்கலாம். ஆனால் 12 சதவீதத்தை விட அது எவ்வளவோ மேல்.

கேசட்டை இரண்டாவது முறையாகப் போட்டோம். ரீங்காரம் 100-இல் நின்றது. அதன் மேல் அம்மா நிதானமாகப் பேசினார். கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. பசு கன்று ஈன்றிருக்கிறது. வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. இதற்கெல்லாம் பின்னால் ஒரு சிறுமி ஏழாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஏழெட்டு ஐம்பத்து நாலு" என்றாள். அம்மா துபாய்ச் செய்தியைப் பாதியில் நிறுத்தி, "ஐம்பத்தாறு" என்று திருத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அந்தச் சிறுமி என் தங்கை. நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அம்மாவுக்கு எழுதத் தெரியாது என்றீர்களே, வாய்ப்பாடு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் மகள். நாங்கள் மூவரும் உரக்கச் சொல்லிப் படித்ததைக் கேட்டுக் கேட்டே அவருக்கு வந்திருக்க வேண்டும். அது எனக்கும் அன்றுதான் தெரிந்தது.

நகலை மூன்று இடங்களில் சேமித்தோம். பிறகு திருகைப் பழையபடி 100 நொடிக்குக் கொண்டுவந்தோம். இப்போது அந்தப் பெட்டி கூடத்தில் இருக்கிறது. மாலையில் வானொலி பாடுகிறது.

நீங்களும் தொடங்கலாம்

உங்கள் வீட்டிலோ தாத்தா வீட்டிலோ இப்படி ஒரு பெட்டி உறங்கிக்கொண்டிருக்கலாம். எழுப்ப விரும்பினால் சில விதிகள்:

பாட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். 230 வோல்ட் மின்கம்பியைச் செருகிய நிலையில் மூடியைத் திறக்கவே கூடாது. கம்பியைப் பிடுங்கிய பின்னும் உள்ளிருக்கும் பெரிய கண்டென்சர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். முதல் முறை திறக்கும்போது விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். பழைய படக்குழாய் டெலிவிஷன்களைத் தொடாதீர்கள். அவற்றில் உயிருக்கே ஆபத்தான மின்னழுத்தம் உண்டு.

கழற்றும் முன் படம் எடுங்கள். திருகாணிகளைக் கழற்றிய வரிசையில் ஒரு தாளில் ஒட்டி வையுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியபின் சோதியுங்கள். இரண்டை ஒருசேர மாற்றினால் எது நோய், எது மருந்து என்று தெரியாது.

விலைமதிப்பற்ற கேசட்டைக் கடைசியில் போடுங்கள். அதற்கு முன் வீண் கேசட்டுகள் சோதனைக்கு இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரப்படாதீர்கள். நாங்கள் முதல் நாளே அம்மாவின் கேசட்டைப் போட்டிருந்தால், இந்தக் கட்டுரை எழுத வேண்டிய அவசியமே வந்திராது. என் மருமகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள் அல்லவா? எங்கள் பழுதுபார்ப்பு அங்கேதான் தொடங்கியது.